வியாழக்கிழமைக்குள்

ஏற்காட்டில் ஒரே லாட்ஜில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அறைகளைச் சுத்தம் செய்வது என் வேலை. என் வீட்டுக்காரர் அதே லாட்ஜில் சமையல் மாஸ்டர். மொத்தம் பதினான்கு அறை. அத்தனை கட்டிலுக்கும் விரிப்பு மாற்றியிருக்கிறேனே தவிர ஒன்றில்கூடப் படுத்ததில்லை. மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து தலையணைக்கு உறை மாட்டினாலே பழைய மேனேஜர் கத்துவார். அப்படிப்பட்ட இடத்தில் ஒன்பதாம் நம்பர் அறையில் நாங்கள் இரண்டு பேரும் ஐந்து மாதம் குடியிருந்தோம். அவர் சாகக் கிடந்ததால் கிடைத்த வசதி அது.

லாட்ஜைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பெயர்ப்பலகையில் பாதி விளக்கு எரியாது. குடும்பமாக வருகிறவர்கள் நீச்சல் குளம் வைத்த ரிசார்ட்டுகளுக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு மிஞ்சுவது பைக்கில் கும்பலாக வந்து குடிக்கிற பையன்கள், பையே இல்லாமல் வருகிற ஜோடிகள், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள். செல்போனில் தட்டிப் பார்த்தால் இரண்டரை நட்சத்திரம் காட்டும். அந்த அரை நட்சத்திரம் யார் கொடுத்த தர்மமோ தெரியாது. கோடை விழா சமயத்தில் மட்டும், அந்தக் கொஞ்ச வாரம், எங்கள் லாட்ஜும் நிறைந்துவிடும். அப்போது யாரும் நட்சத்திரம் எண்ணுவதில்லை.

அவருக்கு வந்த நோய் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறையைக் காலி செய்துவிட்டுப் போகிறவர்கள் பாட்டிலில் கொஞ்சம் விட்டுவிட்டுப் போவார்கள். பிராந்தி, ரம், பீர் எதுவானாலும் ஒரே பாட்டிலில் ஊற்றி மூடி வைப்போம். அதற்கு மிச்சம் என்று பெயர். அறை கூட்டுகிற பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும். கல்யாணமான புதிதில் நான்தான் அதை அழுக்குத் துணிக் கூடையில் மறைத்து சமையல்கட்டுக்குக் கொண்டுபோய் அவரிடம் கொடுப்பேன். எப்படியும் குடிக்கிற மனுஷன், கடையில் போய்க் குடிப்பதற்கு இது தேவலை என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்து போகும். "கெட்டிக்காரி புள்ள நீ" என்பார். பத்து வருடம் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் செய்தேன். அப்புறம் அவர் கை காலையிலேயே நடுங்க ஆரம்பித்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. மற்ற பெண்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்களோடு நான் சண்டைக்குப் போனேன், என்ன வாய் எனக்கு.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், இவர் எத்தனை வருடமாகக் குடிக்கிறார் என்று கேட்டபோது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். யார் பழக்கியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கல்லீரல் சுருங்கிவிட்டது, வயிற்றில் தண்ணீர் கட்டுகிறது, இனிமேல் மருந்தால் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீடு என்று ஒன்று இருந்தால்தானே. செம்மநத்தம் போகிற ரோட்டில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அந்த ஐப்பசி மழையில் பின்சுவர் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவருடைய அண்ணன் மலையடிவாரத்தில் குப்பனூரில் இருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியில் அங்கே கேட்டுப் பார்க்கலாமா என்றேன். "கீழ எறக்கிட்டீன்னா மறுபடியும் மேல ஏத்த மாட்டாங்க. எனக்கு மலையிலயே இருக்கோணும்" என்றார். பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

இப்போதிருக்கிற மேனேஜர் நல்ல மாதிரி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடச் சின்னவர். நாங்கள் துணி மூட்டையோடு வந்து நின்றதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"ஒம்போதாம் நம்பர் சும்மாதானுங்க்கா கெடக்குது. செவுரு ஈரம் அடிக்குதுன்னு யாரும் எடுக்கறதில்ல. சீசன் வரைக்கும் மாஸ்டரை அங்க படுக்க வைங்க."

சீசன் வரைக்கும் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. சீசனுக்கு ஐந்து மாதம் இருந்தது. அதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

ஒன்பதாம் நம்பர் கீழ்த்தளத்தில் கடைசி அறை. உள்ளேயே கக்கூஸ், குளியலறை, வெந்நீர். சன்னலைத் திறந்தால் ஒரு சவுக்கு மரம், அதில் ஏறிய மிளகுக் கொடி, அதற்குப் பின்னால் பெரும்பாலும் பனிமூட்டம். முதல் நாள் அவர் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்தார். "இத்தன வருசமா இதுலயா படுத்தானுங்க?" என்றார். வீட்டுக்குப் போக முடியாத ராத்திரிகளில் அடுப்புக்குப் பக்கத்தில் கோணி விரித்துத் தூங்கியவர்.

கட்டிலுக்குத் தலைமாட்டில் காலிங் பெல் உண்டு. இரண்டாம் நாள் அதை அழுத்திவிட்டார். ரூம் சர்வீஸ் பார்க்கிறவர், அவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், எங்களோடு பல வருடம் வேலை பார்த்தவர், என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

"டீ ஒண்ணு. சக்கரை கம்மியா. கப்பு கழுவுனதா இருக்கோணும்."

"ஏனுங் மாஸ்டரே, உங்க சமையல்கட்டு கப்புதானுங்க. நீங்க கழுவுன அழகு எனக்குத் தெரியாதுங்களா?"

"அதனாலதான் சொல்றன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு தினமும் ஒரு தடவை பெல் அடிக்கும். டீயில் பாதியைக்கூட அவரால் குடிக்க முடியாது. டீக்காக அடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் நான் அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். கால் வீங்கி, அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும்.

"புள்ள, இந்த ரூமை உட்டு என்னைய மாத்தாத. செத்தா இங்கயே செத்துக்கறன். இந்தச் சன்னலப் பாத்துக்கிட்டு, கட்டல்ல. நான் வேற ஒண்ணும் கேக்க மாட்டன்."

"செரிங்க" என்றேன். எந்த யோசனையும் இல்லாமல் சொன்னேன். அந்த நிலைமையில் யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வோம்.

அவர் சாகவில்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. ஆஸ்பத்திரியில் சொன்ன கணக்கெல்லாம் தாண்டிவிட்டது. நான் காலையில் மற்ற அறைகளைக் கூட்டிவிட்டுக் கடைசியாக எங்கள் அறையைக் கூட்டுவேன். அவரைப் புரட்டிப் போட்டு விரிப்பை மாற்றுவேன். அந்த நாட்களில் என்ன உணர்ந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பினாயில் வாசம் மூக்கில் பழகிவிட்டால் வாசமே தெரியாதல்லவா, அப்படித்தான் இருந்தேன். வேலை செய்தேன், சாப்பிட்டேன், தரையில் பாய் போட்டுத் தூங்கினேன்.

சித்திரையில் செல்போனில் புக்கிங் வர ஆரம்பித்தது. மேல்தளம் நிறைந்தது, கீழே ஒவ்வொன்றாக நிறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறை வாசலில் நான் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஏனுங்க்கா, மாஸ்டருக்கு எப்படி இருக்குதுங்க?"

"அப்படியேதானுங்க இருக்குது."

"வெள்ளிக்கெழம மத்தியானம் ஒம்போதுக்கு ஒரு பேமிலி வருதுங்க. மொதலாளி நேராவே போன்ல போட்டுட்டாரு. என்னால எடுக்க முடியாதுங்க." சுவரில் உரிந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார். "அப்பறம், தப்பா நெனைக்காதீங்க. லாட்ஜ் நெறஞ்ச நேரத்துல ரூமுக்குள்ள ஒண்ணு ஆயிருச்சுன்னா, ஒருத்தன் போன்ல எழுதிப் போட்டா போதுமுங்க."

"வியாழக்கெழமைக்குள்ள முடிஞ்சுருமுங்க" என்றேன்.

நான்தான் சொன்னேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் எப்படிச் சொல்வேனோ அதே குரலில் சொன்னேன். வீட்டுக்காரர் இரண்டு நாளாகக் கஞ்சிகூட இறக்காமல் கிடந்தார், கண் நல்ல மஞ்சள், பேச்சு குழறியது. அதை வைத்து எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். மேனேஜர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் உள்ளே வந்தேன். கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. அவர் சன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு தரையைக் கூட்டினேன்.

அந்த வாரம் நான் இருந்த இருப்பை இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. திங்கட்கிழமை அவர் நாள் முழுக்கக் கண் திறக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் கொடுத்த வாக்கும் நிற்கும், மேனேஜருக்குச் சொன்ன சொல்லும் நிற்கும், அவரும் ஆசைப்பட்டபடி இந்த அறையிலேயே போய்விடுவார், எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். மூச்சு எப்படிப் போகிறது என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். பாசத்தில் பார்க்கவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டதா என்று எட்டிப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன்.

புதன்கிழமை காலையில் கண்ணைத் திறந்து, "இட்லி இருக்குதா?" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. போய் வாங்கி வந்தேன். ஒன்றரை இட்லி சாப்பிட்டார்.

வியாழக்கிழமை எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் தாடி மண்டிக் கிடந்தது. ரூம் சர்வீஸ் பார்க்கிறவரைக் கூப்பிட்டுச் சவரம் செய்துவிடச் சொன்னார். அவர் மெதுவாக, கன்னத்தை இழுத்துப் பிடித்துச் சிரைத்துவிட்டார். வெந்நீரில் முகத்தைத் துடைத்தேன். துவைத்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைக் கேட்டார். கட்டிவிட்டேன். மத்தியானம் முழுவதும் அப்படியே நேராகப் படுத்துக் கையைக் கோத்து வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என் பக்கம் திரும்பி, "மணி என்ன புள்ள?" என்றார். சொன்னேன். மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் நானே போய் மேனேஜரிடம் சொன்னேன், மாற்றிவிடலாமுங்க என்று. சமையல்கட்டுக்குப் பின்னால் விரிப்பும் போர்வையும் அடுக்கி வைக்கிற துணி ரூம் இருக்கிறது. சன்னல் கிடையாது. அங்கே ஒரு பழைய மெத்தையைப் போட்டோம். அவரிடம், "கொஞ்ச நாளைக்குத்தானுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். சண்டை போடுவார், கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். கையை நீட்டினார், தூக்குங்கள் என்கிற மாதிரி.

ஒன்பதாம் நம்பரிலிருந்து துணி ரூமுக்குப் போக வரவேற்பறையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மத்தியானம் வருகிற குடும்பம் பதினொரு மணிக்கே வந்து பெட்டிகளோடு சோபாவில் உட்கார்ந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, கழுத்து வரை போர்வை சுற்றி, தலைக்குக் குல்லா மாட்டி, மேனேஜர் ஒரு பக்கமும் ரூம் சர்வீஸ்காரர் ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள். நான் பக்கத்தில் நடந்தேன்.

இங்கே லாட்ஜ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லாட்ஜ் அறைக்குள் யாரும் செத்ததாக இருக்கக் கூடாது. மாரடைப்பில் போனவர்களும் உண்டு, வேறு மாதிரிப் போனவர்களும் உண்டு. உயிர் போய்விட்டது என்று தெரிந்தாலும் முகத்தை மூடாமல், குல்லா மாட்டி, போர்வை சுற்றி, மயக்கம் போட்டவரைத் தூக்குகிற மாதிரித்தான் வண்டிக்குக் கொண்டுபோவோம். மற்ற அறைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் ஒருவர் கூடவே பேசிக்கொண்டு நடக்க வேண்டும். பெண் குரல் என்றால் நம்புவார்கள் என்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். என் காலத்தில் மூன்று முறை நடந்திருக்கிறது. மூன்று முறையும் தலைப்பக்கம் பிடித்தவர் என் வீட்டுக்காரர். போலீசும் டாக்டரும் அதற்கப்புறம் முறைப்படி வருவார்கள், அது வேறு. வண்டி வரைக்கும் அந்த ஆள் உயிரோடு இருப்பது என் வாயில் இருந்தது.

சோபாவில் இருந்த அம்மா எழுந்து, "ஐயோ, அவருக்கு என்னாச்சு?" என்று கேட்டார். மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒண்ணுமில்லீங்க, லேசா மயக்கந்தானுங்க. இதா வண்டி வந்துருச்சு பாருங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க. மூச்ச நல்லா இழுத்து உடுங்க, அப்படித்தான். இன்னும் நாலு எட்டுதானுங்க. தண்ணி குடிக்கறீங்களா? போயித் தர்றன்."

ஒரு சொல் மாறவில்லை. அதே சொல், அதே ராகம். வண்டியே கிடையாது, துணி ரூமுக்குத்தான் போகிறோம். அவர் கண் திறந்துதான் இருந்தது. சமையல்கட்டுக் கதவைத் தாண்டியதும், யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"என்னயும் பேசிக்கிட்டே எடுத்துட்டுப் போறயா புள்ள?"

ரூம் சர்வீஸ்காரர் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மேனேஜர் போர்வையைச் சரி செய்தார். நான் போய் ஒன்பதாம் நம்பரைச் சுத்தம் செய்தேன். ஐந்து மாத வாடை போக பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, சன்னலைத் திறந்து வைத்து, மெத்தையைத் திருப்பிப் போட்டு, புது விரிப்பு விரித்தேன். ஒன்றரை மணிக்கு அந்தக் குடும்பம் உள்ளே போனது. சாயங்காலம் அந்த அம்மா என்னை நிறுத்தி, "அவர் நல்லாயிட்டாரா?" என்று கேட்டார். நல்லாயிட்டாருங்க என்றேன். போகும்போது நல்லபடியாக எழுதிவிட்டுப் போனதாக மேனேஜர் சொன்னார்.

அவர் சீசன் முழுவதும் உயிரோடு இருந்தார். துணி ரூமில் இரண்டு பக்கமும் வெள்ளை விரிப்புகள் கூரை வரை அடுக்கியிருக்க, நடுவில் கிடந்தார். அங்கே பெல் கிடையாது. ரூம் சர்வீஸ்காரர் தானாகவே தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்து டீ வேண்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். நான் விரிப்பு எடுக்கப் போகிறபோதெல்லாம் அவரைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். என்னிடம் கோபமாக இருக்கவில்லை. சாப்பாடு ஊட்டினால் வாங்கிக்கொண்டார், துடைத்துவிட்டால் கையைத் தூக்கிக் கொடுத்தார். ஆனால் நான் ஏதாவது ஆறுதலாகப் பேச வாயெடுத்தால் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு நானும் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

ஆனி பிறந்து மழை ஆரம்பித்தது. கூட்டம் வடிந்துவிட்டது. ஒரு நாள் காலையில் கீழ்த்தளம் முழுவதும் காலி. மேனேஜர் சாவியை எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். அவருக்கும் மனது உறுத்திக்கொண்டே இருந்திருக்கும்.

"அக்கா, ஒம்போது காலியாயிருச்சுங்க. மாஸ்டரைக் கொண்டாந்து படுக்க வைங்க. இனி எத்தன நாள் வேணும்னாலும் இருக்கட்டுமுங்க."

எனக்கு அந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மனதுக்குள் ஏதோ அசைந்தது. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன். பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, நம்ம ரூம் காலியாயிருச்சுங்க. சன்னலோரமாப் படுத்துக்கலாமுங்க, வாங்க" என்றேன்.

இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. குரலில் கோபம் இல்லை. சமையல்கட்டில் நாளைக்கு என்ன காய் என்று சொல்வாரே, அந்த மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"வேண்டாம் புள்ள. அங்க போனா மறுபடியும் மேனேஜரு வந்து வாசல்ல நின்னு கேப்பாரு. நீ மறுபடியும் ஒரு கெழம சொல்லோணும். எனக்கும் அதுக்குள்ள முடிக்கத் தெரியல."

அதன் பிறகு ஆறு நாள் இருந்தார். ஒன்பதாம் நம்பர் அந்த ஆறு நாளும் காலியாகவே கிடந்தது. நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். செத்த ஆட்களோடு அவ்வளவு பேசிய எனக்கு, அவரிடம் சொல்ல ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.